எரிகோ சாலையோரம் அரை மணி நேரம்: நற்செய்திக் காட்சிக்குள் போய் செபிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பைபிளைத் திறந்த உடனே நம்மில் பலருக்குள் ஒரு பிரசங்கியார் எழுந்து நின்றுவிடுகிறார். "இந்தப் பகுதி நமக்குச் சொல்லும் மூன்று கருத்துகள்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால், கதையில் யார் வந்தார், யார் அழுதார் என்பதெல்லாம் பின்னால் போய்விடும். சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் மறையுரை கேட்டு வந்த பழக்கம் இது. கெட்ட பழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காட்சித் தியானத்துக்கு உட்காரும்போது அவரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்கான வேலைதான்.

காட்சித் தியானம் என்றால், நற்செய்தியில் வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அது நடக்கும் இடத்துக்கு மனதால் போய், அங்கிருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, கடைசியில் இயேசுவோடு நேரில் பேசுவது. இதை முறைப்படுத்திக் கொடுத்தவர் இயேசு சபையைத் தொடங்கிய ஸ்பெயின் நாட்டுப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார். 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. படிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். வேறு வழியில்லாமல் அவற்றைப் படித்தார். நடுநடுவே ஒரு சீமாட்டியை நினைத்து மணிக்கணக்கில் பகல் கனவு காண்பார். இன்னொரு நேரம், புனிதர்களைப் போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்து போவதாகக் கனவு. இரண்டுமே இனிப்பாகத்தான் இருந்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் மனசு வறண்டு கிடந்தது, இரண்டாவது கலைந்த பிறகும் சந்தோஷம் அப்படியே இருந்தது. கற்பனைக்குள் கடவுள் வேலை செய்ய முடியும் என்று அவர் கண்டுகொண்டது அந்தக் கட்டிலில். பிறகு ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் செபித்தும் எழுதியும் பழகியவை "ஆன்மீகப் பயிற்சிகள்" என்ற சிறு நூலாயின. 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

கற்பனை என்றதும் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள், குறிப்பாக வேத வசனத்தோடு எதையும் கூட்டக் கூடாது என்று வளர்ந்த சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே நண்பர்கள். நியாயமான பயம். என் பதில் இதுதான்: தியானத்தில் நீங்கள் பார்க்கும் தூசியும் வெயிலும் வேதம் ஆகாது, அதை யாருக்கும் போதிக்கவும் கூடாது. அது நீங்கள் செபிக்க உட்காரும் பாய், அவ்வளவுதான். மற்றபடி நாம் எல்லோரும் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். 1223-ல் கிரேச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்பின் காட்சியை அமைத்தார். டிசம்பரில் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டும்போது நாமும் அதே காட்சிக்குள்தான் போகிறோம். தவக்கால வெள்ளியில் பரங்கிமலைப் படிகளில் 14 நிலை சிலுவைப் பாதை செய்பவர்களுக்கும் இது புதிதல்ல.

எந்தப் பகுதி?

ஆட்கள் நடமாடும் பகுதியாக எடுங்கள். மலைப்பொழிவு, யோவான் நற்செய்தியின் நீண்ட பிரியாவிடை உரை போன்றவை இந்த முறைக்கு ஒத்துவராது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, கேட்கத்தான் இருக்கிறது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மாற்கு 10:46-52, பார்வையற்ற பர்த்திமேயு. சாலையோரம் பிச்சை எடுக்கும் அவர், அந்த வழியே போகும் இயேசுவைக் கத்திக் கூப்பிடுகிறார்; கூட்டம் அதட்டுகிறது; இயேசு நின்று, அவருக்குப் பார்வை தருகிறார். ஏழே வசனம். தெரு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கூச்சல் இருக்கிறது, ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வழிகாட்டியில் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நற்செய்தியாளரோடு நில்லுங்கள். மத்தேயு 20-ல் பார்வையற்றவர்கள் இரண்டு பேர், இயேசு அவர்கள் கண்களைத் தொடுகிறார். லூக்கா 18-ல் இயேசு எரிகோவை நெருங்கும்போது இது நடக்கிறது, மாற்குவில் ஊரைவிட்டுப் போகும்போது. ஒப்பிட்டு ஆராய்வது நல்ல படிப்பு, இன்னொரு நாள் செய்யலாம். மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் செபம் நடக்காது, விவாதம்தான் நடக்கும்.

முந்தின இரவு

படுக்கப் போகும் முன் அந்த ஏழு வசனத்தையும் இரண்டு முறை மெதுவாக, உதடு அசைய வாசியுங்கள். முடிந்தால் அதற்கு முன்னால் உள்ள 35 முதல் 45 வரையும். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் ஒரு வேண்டுகோளோடு வருகிறார்கள். "நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் கேட்கிறார். அவர்கள் கேட்டது வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி. சில வசனம் தாண்டி, தெருவோரத்தில் பிச்சை எடுப்பவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். இதைத் தெரிந்துகொண்டு தூங்கினால் போதும். இதிலிருந்து ஒரு கருத்தை உருவ முயலாதீர்கள். மறுநாள் அந்தக் கேள்வி உங்களிடம் வரும்போது வரட்டும்.

இடம், நேரம்

சென்னையில் அமைதி கிடைப்பது கஷ்டம். அமைதி கிடைத்தால்தான் தியானம் என்று காத்திருந்தால் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விடிகாலை ஐந்து மணிக்கு முன்னால் கொஞ்சம் இருக்கும், பால் பாக்கெட் சைக்கிளும் தண்ணி லாரியும் வரும்வரை. மே மாதத்தில் மொட்டை மாடி நல்லது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் கோயிலுக்குப் போவதே மேல். காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எந்தப் பங்குக் கோயிலிலும் அரை மணி நேரம் உட்கார இடம் கிடைக்கும்.

சாந்தோம் பேராலயத்தின் கீழே தோமையார் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது. வார நாட்களில் அங்கே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த அமைதி தெரியும். இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களில் ஒருவரான புனித பிரான்சிஸ் சவேரியார், கிழக்கே மலாக்கா போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் 1545-ல் மயிலாப்பூருக்கு வந்து சில மாதம் தங்கி, தோமையார் கல்லறையருகே செபித்தார். தெளிவு கிடைத்ததும் கப்பல் ஏறினார்.

நேரம் அரை மணி. இஞ்ஞாசியார் சொல்வது முழுதாக ஒரு மணி நேரம். அது தியான இல்லத்தில் வெளி வேலை இல்லாமல் இருப்பவர்களுக்கு. அலுவலகம் போகிறவர்கள் அரை மணியில் ஆரம்பிக்கலாம், பிறகு தானாக நீளும். எவ்வளவு என்று முடிவு செய்கிறீர்களோ அதை மட்டும் குறைக்காதீர்கள். சலிப்பாக இருக்கும் நாளில் குறித்ததைவிட ஒரு நிமிடமாவது கூட உட்காரச் சொல்கிறார் அவர். அலாரம் வைத்துவிட்டு, ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, திரையைக் கவிழ்த்து வையுங்கள். வாசிப்பதற்கு அச்சுப் புத்தகமே நல்லது. ஃபோனில் பைபிள் வாசித்தால் ஐந்தாவது வசனத்தில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

உட்காரும் முன்

உட்காரப் போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நில்லுங்கள். ஒரு 'விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே' சொல்லும் நேரம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: கடவுள் என்னைப் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வது. பிறகு வணங்கிவிட்டு உட்காருங்கள். சம்மணம், நாற்காலி, முழந்தாள் எதுவானாலும் சரி. முழந்தாளில் தேடியது கிடைத்தால் எழுந்து உட்கார வேண்டாம் என்பது இஞ்ஞாசியாரின் குறிப்பு.

அடுத்து வரம் கேட்பது. இந்த இடத்தில் அவசரப்படுகிறோம். வேலை, கடன், பிள்ளையின் நீட் தேர்வு எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிடுகிறோம். அவற்றைக் கேட்க வேறு நேரம் ஒதுக்குங்கள். இந்தத் தியானத்தில் கேட்க வேண்டியது ஒன்று: ஆண்டவரே, எனக்காக மனிதரான உம்மை உள்ளத்தால் அறிய வேண்டும், இன்னும் அதிகமாக அன்பு செய்ய வேண்டும், பின்னாலேயே வர வேண்டும். உங்கள் பேச்சுவழக்கில், நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் கேளுங்கள்.

இடத்தைக் கட்டுவது

பிறப்புக் காட்சியைத் தியானிக்கும்போது நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா மேடுபள்ளமா என்று பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். குகை உயரமா தாழ்வா என்றுகூடக் கேட்கிறார். ஓவியம் வரையச் சொல்லவில்லை. கால் ஊன்ற ஒரு தரை வேண்டும் என்பதற்காக.

எரிகோவுக்கு வருவோம். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் கீழே இருக்கும் ஊர். பேரீச்சை மரங்கள், ஊற்றுத் தண்ணீர். அங்கிருந்து எருசலேம் சுமார் 25 கிலோமீட்டர், வழி முழுக்க ஏற்றம், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பாஸ்கா நெருங்கும் காலம், வசந்தம். திருவிழாவுக்குப் போகும் கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்பும் வாய்ப்பகுதியில் பர்த்திமேயு உட்கார்ந்திருக்கிறார். பிச்சைக்கு இடம் பார்க்கத் தெரிந்தவர். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாலை அந்நியமாக இருக்காது.

வெயில், வியர்வை, பாதத்தில் ஒட்டும் தூசி, மிதிபடும் சத்தம். இவற்றைச் சென்னையிலிருந்து தாராளமாகக் கொண்டுபோகலாம், உங்கள் உடம்புக்குத் தெரிந்த வெயில் இதுதானே. ஆனால் இயேசுவை உடனே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கூட்டிவராதீர்கள். அப்படிச் செய்தால் முதல் நிமிடம் சுவாரசியமாக இருக்கும், மூன்றாவது நிமிடத்தில் அது ஒரு குறும்படமாகிவிடும். முதலில் நாம் அவர் ஊருக்குப் போவோம்.

ஆளை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தாம்பரம் மின்சார ரயிலில் பஸ் பாஸ் கவரும் சீப்பும் விற்று வரும் பார்வையற்றவர்களைக் கவனித்திருப்பீர்கள். பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். ரயில் குலுங்கும்போது கையால் கம்பியைத் தேட மாட்டார், தோளால் தேடுவார். அந்த விரலும் அந்தத் தோளும் இருந்தால் பர்த்திமேயு உங்கள் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் முன்னால் தரையில் மேலுடை விரித்திருக்கிறது, அதன்மேல் நாலு காசு. பின்னால் அந்த மேலுடையை அவர் உதறி எறியப்போகிறார். காசு எந்தப் பக்கம் உருண்டது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

வேடிக்கை பார்ப்பவராக வெளியே நின்றால் தியானம் நகராது. ஓர் இடம் பிடியுங்கள். பர்த்திமேயுவாக உட்காரலாம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு பிச்சைக்காரராக இருக்கலாம். கூட்டத்தில் ஒரு பெண்ணாக, பேதுருவுக்குப் பின்னால் நடக்கும் சிறுவனாக இருக்கலாம். இயேசுவின் இடத்தில் மட்டும் நிற்காதீர்கள். அங்கே நின்றால் நம் பிரசங்கியார் உடனே திரும்பி வந்துவிடுவார்.

எல்லோரும் பர்த்திமேயுவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சரிதான், முதல் நாள் அப்படியே செய்யுங்கள். இரண்டாம் நாள் அவரை அதட்டியவர்களோடு நின்று பாருங்கள். "சும்மா இரு" என்று சொன்ன வாய் உங்கள் வாயாக இருக்கட்டும். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. போதகர் பேசிக்கொண்டு போகிறார், இவன் கத்துகிறான், கேட்கவிடாமல் செய்கிறான். ரயிலில் ஸ்பீக்கரோடு பாட்டுப் பாடி வருபவரைப் பார்த்ததும் இயர்ஃபோனை எடுத்து மாட்டிக்கொள்ளும் நமக்கு அந்த எரிச்சல் நன்றாகவே தெரியும். இயேசு நிற்கிறார். ஆனால் தாமே கூப்பிடவில்லை. "அவரைக் கூப்பிடுங்கள்" என்று அதட்டியவர்களிடமே சொல்கிறார். இப்போது அதே வாய் "துணிவோடு எழுந்து வாரும், உம்மைக் கூப்பிடுகிறார்" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நீங்கள் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். என்ன குரலில் வருகிறது?

பார்ப்பது, கேட்பது, நிற்பது

இனி கதையை ஓடவிடுங்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று முகம் முகமாகப் பாருங்கள், என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள், என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். வசனத்தில் இல்லாத வார்த்தையை யாராவது பேசினால் தடுக்க வேண்டாம். அடுத்து நடக்க வேண்டியது நடக்காமல் போனாலும் பதற வேண்டாம். பர்த்திமேயு எழ மறுத்தால்? மறுக்கட்டும், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.

ஏதாவது ஒரு நொடியில் உள்ளே ஒன்று அசையும். தொண்டை அடைக்கலாம், கோபம் வரலாம், காரணமில்லாமல் நிம்மதியாக இருக்கலாம், அந்த இடத்தைவிட்டு ஓடத் தோன்றலாம். அங்கே நில்லுங்கள். இரண்டாவது வசனத்திலேயே நின்றுவிட்டாலும் குறையில்லை, ஏழையும் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிலபஸ் முடிக்கும் அவசரம் நம் ஊரில் செபத்துக்குள்ளும் வந்துவிட்டது. தியானம் பழக்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: எங்கே தித்திக்கிறதோ அங்கே தங்கு, எங்கே கசக்கிறதோ அங்கேயும் கொஞ்சம் தங்கு.

பேசுவது

கடைசிப் பத்து நிமிடம் இயேசுவோடு பேச. ஒரு நண்பர் நண்பரோடு பேசுவதுபோல என்கிறார் இஞ்ஞாசியார். பர்த்திமேயு பார்வை பெற்ற பிறகு இயேசு உங்கள் பக்கம் திரும்புகிறார். "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

பதிலைத் தயாரித்து வைத்திருக்காதீர்கள். பர்த்திமேயுவின் கண் தெரியாதது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் இயேசு அவரை வாய்விட்டுக் கேட்க வைக்கிறார். உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நீங்களே கேட்க வேண்டும். "உலக சமாதானம்" என்று வந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். சில நாள் நாற்காலிதான் வரும், யாக்கோபுக்கும் யோவானுக்கும் வந்ததுபோல. பதவி உயர்வு, மாமியார் முன்னால் மரியாதை, எதுவோ. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் பதில் சொன்னால் கேளுங்கள். சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் நீங்களும் பாருங்கள். அலாரம் அடித்ததும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், அதோடு முடித்துக்கொள்ளலாம்.

எழுந்த பிறகு

உடனே அடுப்படிக்கு ஓடாமல் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்தோ உலாவியோ திரும்பிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பகுதி, எங்கே நின்றேன், எது அசைந்தது, எங்கே ஓடப் பார்த்தேன். நாலு வரி. அழகாக எழுதத் தொடங்கினால் மீண்டும் பிரசங்கம்தான்.

மறுநாள் புதுப் பகுதிக்குப் போகாதீர்கள். அதே எரிகோ, நேற்று நின்ற அதே இடம். இப்படித் திரும்பத் திரும்ப ஒரே காட்சிக்குப் போவது இஞ்ஞாசியார் முறையில் முக்கியமான பகுதி. நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதையே. ஒரு வாரம் ஒரே பகுதியோடு இருந்தால் ஐந்தாம் நாளில் படங்கள் குறைந்து, பேச்சும் குறைந்து, அங்கே இருப்பது மட்டும் மிஞ்சும்.

வழக்கமாக வரும் சிக்கல்கள்

"எனக்குப் படமே வரவில்லை." அவிலா புனித தெரசாவும் தனக்கு மனதில் உருவங்களை வரவழைக்கும் திறமை மிகவும் குறைவு என்று எழுதியிருக்கிறார். அவரைவிடப் பெரிய செபவாதியை எங்கே தேடுவது? படம் வராதவர்கள் சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள். பர்த்திமேயுவே அந்தக் காட்சியைக் காதால்தானே அறிந்தார். அதனால்தான் இந்தப் பகுதியைச் சொன்னேன். கண்ணை மூடி, நூறு செருப்புகள் உங்களைக் கடந்து போவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

தூக்கம் வந்தால் எழுந்து நடங்கள். பராக்கு வந்தால் சண்டை போடாமல் திரும்பி வாருங்கள், அவ்வளவே.

"இயேசு என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்." இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். குரல் யாருடையது என்று கேளுங்கள். பல நேரம் அது பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், அல்லது அப்பா. நற்செய்தி இயேசு கண்டிக்கிறவர்தான், ஆனால் உதவி கேட்டுக் கூப்பிடும் ஆளை அவமானப்படுத்தி அனுப்பியதில்லை. கேட்ட குரல் நற்செய்தியோடு ஒத்துப்போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "வேலையை விட்டுவிடு", "இவரைக் கல்யாணம் செய்" என்ற மாதிரி திட்டவட்டமான உத்தரவுகள் கேட்டாலும் அன்றே செயல்பட வேண்டாம். லொயோலாவின் கட்டிலில் நடந்தது நினைவிருக்கட்டும்: இனிப்பு முக்கியமில்லை, இரண்டு நாள் கழித்து உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு.

வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால், இறந்தவரை இயேசு எழுப்பும் லாசர், நயீன் ஊர் விதவை பகுதிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். வன்முறையை அனுபவித்தவர்கள் பாடுகளின் காட்சிகளைத் தனியாகச் செய்ய வேண்டாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் மருந்தை நிறுத்தக் கூடாது, இது அதற்கு மாற்று அல்ல.

அடுத்து எங்கே போவது?

பர்த்திமேயுவோடு ஒரு வாரம் இருந்த பிறகு மாற்கு 2:1-12 நன்றாக இருக்கும். கூரையைப் பிரிக்கும் நாலு பேரில் ஒருவராகக் கயிறு பிடியுங்கள், அல்லது மண் தலையில் விழுந்த வீட்டுக்காரராக உட்காருங்கள். பிறகு லூக்கா 7:36-50, சீமோன் வீட்டு விருந்து. உயிர்த்த இயேசு கடற்கரையில் நெருப்பு மூட்டிச் சீடர்களுக்கு உணவு தரும் யோவான் 21-ஐக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ரொம்ப எளிதாக வந்துவிடும். பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்த கரிநெருப்பை யோவான் 18-ல் தியானித்துவிட்டுப் போனால்தான் கரையில் எரியும் நெருப்பின் பக்கத்தில் போய் உட்கார முடியும்.

ஒரு மாதம் ஆனதும் நோட்டை எடுத்துக்கொண்டு பழக்கமுள்ள ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் போங்கள். குருவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இதில் பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் இருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நாற்பது பேர் சூழ்ந்து நிற்கும்போது ஃபாதரைப் பிடித்து, "ஃபாதர், எரிகோவில் எனக்கு ஒன்று நடந்தது" என்று ஆரம்பிக்காதீர்கள். பாவசங்கீர்த்தன வரிசையிலும் வேண்டாம், பின்னால் நிற்பவர்கள் சபிப்பார்கள். ஃபோன் செய்து வார நாளில் ஒரு மணி நேரம் கேளுங்கள். போகும்போது படங்களை விவரிக்காமல் நோட்டில் உள்ள இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்: எது அசைந்தது, எங்கே ஓடப் பார்த்தேன்.